முகத்துக்கு முதலில் நிம்மதி!

சில பேருக்கு எதைத் தடவினாலும் ஒத்துக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டு அம்மாள் கொடுத்த க்ரீமைப் பூசிக்கொண்டால்கூட முகம் பளிச்சென்று இருக்கும். அந்தப் பாக்கியசாலிகளுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை; அவர்கள் தாராளமாக சமையல் பக்கத்துக்குப் போகலாம். சோப்பு மாற்றினால் எரிச்சல், பவுடர் போட்டால் தடிப்பு, கவரிங் செயின் போட்டால் கழுத்தைச் சுற்றி அரிப்பு என்று அவதிப்படுகிற என் ஜாதிக்காரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அழகுக்கலை படித்தவள் இல்லை. பிளஸ் டூவோடு படிப்பை முடித்துக்கொண்டு, திருச்சியில் குடித்தனம் நடத்தும் சாதாரணக் குடும்பத் தலைவி. எங்கள் அப்பாவுக்கு வீசிங், அண்ணனுக்குக் காலையில் எழுந்ததும் இருபது தும்மல், எனக்குத் தோல். "மூணும் ஒரே குடும்பத்துப் பிள்ளைங்கதாம்மா. மூக்கில வந்தா தும்மல், நெஞ்சில வந்தா இழுப்பு, தோல்ல வந்தா அரிப்பு" என்று ஒரு டாக்டர் அழகாகச் சொன்னார். நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தத் தோலோடு குடும்பம் நடத்தியதில் கொஞ்சம் விஷயம் தெரிந்துகொண்டேன். அதற்கு உபயோகம் வந்தது என் அண்ணன் மகள் விஷயத்தில்.

அவள் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாநிறம். லட்சணமான முகம். ஆவணியில் நிச்சயம் ஆகி, தையில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். துப்பட்டாவை எடுத்ததும் எனக்குப் பகீரென்றது. இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன. தாடையோரம் பொடிப் பொடியாகப் பருக்கள். முன்பு இல்லாத பூனை முடி வேறு. தோலுக்கு அடியில் நூல் நூலாக ரத்த நாளங்கள் தெரிந்தன.

"வெயில்ல போனா நெருப்பு வெச்ச மாதிரி எரியுது அத்தை. அடுப்புகிட்ட நின்னாலும் எரியுது."

"என்ன தடவறே?"

பையிலிருந்து ஒரு சின்ன ட்யூபை எடுத்துக் கொடுத்தாள். பெண் பார்க்க வருவதற்கு முன்னால், கொஞ்சம் நிறம் கொடுக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னாராம். மருந்துக் கடையில் சீட்டு கேட்காமலே கொடுத்தார்களாம். பத்து மாதமாகப் பூசிக்கொண்டிருக்கிறாள். "முதல் மாசம் முகம் கண்ணாடி மாதிரி ஆச்சு அத்தை. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் கேட்டாங்க" என்றாள். இப்போது ஒரு நாள் நிறுத்தினாலும் முகம் கொதிக்கிறது, பூசினால் அடங்குகிறது. பூசாமல் இருக்க முடியவில்லை.

மறுநாளே ஒரு சரும டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டரம்மா ட்யூபைத் திருப்பி, எழுத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இது அழகு க்ரீம் இல்லம்மா, மருந்து. இதில ஸ்டீராய்டு இருக்கு."

படை, அரிப்புக்கு டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் நாட்கள் மட்டும் பூசினால் ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். அது ரத்த நாளங்களைச் சுருக்கும். அதனால் தோல் வெளுத்த மாதிரி தெரியும். அதைப் பார்த்து மயங்கி மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். சிவப்பு, பரு, முடி எல்லாம் வரிசையாக வரும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சீறும். இப்படிக் கெட்டுப்போன முகங்கள் ஏராளமாக வருவதால், நம் நாட்டுச் சரும டாக்டர்கள் 'ஸ்டீராய்டால் பழுதான முகம்' என்று இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்களாம். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் ட்யூபைத் திருப்பிப் படிக்க வேண்டியவர்கள் நாம்தான். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். எப்படி விடுவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"சரியாக எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன். "சில மாசம் ஆகும். நடுவில ரெண்டு மூணு தடவை மோசமாகும். அப்ப அந்த ட்யூபைத் தேடக் கூடாது" என்றார். கல்யாணத்துக்கு இருந்ததோ நாலு மாதம்.

கழித்தலே முதல் கணக்கு

அவளை எங்கள் வீட்டிலேயே பத்து நாள் வைத்துக்கொண்டேன். அவளுடைய அலங்காரப் பையைக் கூடத்தில் கொட்டினால், அடேயப்பா! ஒரு சின்னக் கடையே வைக்கலாம். மூன்று வித ஃபேஸ்வாஷ், ஸ்க்ரப், டோனர், ஸீரம், சந்தன க்ரீம், இரவு க்ரீம், முல்தானி மட்டி. கோபித்துக்கொண்டிருக்கிற தோலுக்கு இத்தனை விருந்தாளிகள் எதற்கு? டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்தைத் தவிர மூன்றே மூன்று சாமான்தான் என்று சொல்லியிருந்தார்: மென்மையாகக் கழுவ ஒன்று, ஈரப்பதம் காக்க ஒன்று, வெயிலுக்கு ஒன்று. மற்றதையெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினோம்.

கழுவுகிற விஷயத்தில் நம் வீட்டு வழக்கம் கொஞ்சம் முரடு. நுரை பொங்க வேண்டும். கழுவியதும் முகம் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தால்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். நம் தோலின் மேல் பரப்பு இயற்கையாகவே லேசான புளிப்புத் தன்மை உடையது. விஞ்ஞானக் கணக்கில் பி.எச். அளவு ஐந்து, ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சோப்பு ஒன்பது, பத்து என்று காரப் பக்கம் நிற்கிறது. அது அழுக்கோடு தோலின் எண்ணெய்க் காவலையும் கொண்டுபோய்விடுகிறது. சென்ஸிடிவ் சருமத்துக்கு, நுரை குறைந்த, வாசனை சேர்க்காத க்ளென்ஸர் போதும். வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரில் விரல் நுனியால் கழுவி, டவலால் ஒற்றி எடுக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்க்கக் கூடாது.

முகத்தில் லேசான ஈரம் இருக்கும்போதே, மூன்று நாலு நிமிஷத்துக்குள், மாய்ஸ்சரைஸர் பூச வேண்டும். அதில் க்ளிஸரின், செராமைடு, பெட்ரோலியம் ஜெல்லி என்று இருந்தால் நல்லது. கோடையில்கூட இதை விடக் கூடாது. தேங்காய் எண்ணெய் கை, காலுக்கு உத்தமம்; ஆனால் பரு வருகிற முகத்துக்கு வேண்டாம்.

இந்தச் சமயத்தில் என் மாமியார் வந்து சேர்ந்தார். "என்னடி இது, மூணு டப்பாவை வெச்சுக்கிட்டு! கஸ்தூரி மஞ்சளும் எலுமிச்சம்பழமும் போட்டா நாலு நாள்ல சரியாயிடும்" என்றார். மாமியாருக்கு எண்பது வயதிலும் பட்டுப் போன்ற தோல். அவருக்கு எல்லாம் ஒத்துக்கொண்டிருக்கிறது. "உங்களுக்கு ஒத்துக்கிச்சு அத்தை, இவளுக்கு இப்ப வெறும் தண்ணியே எரியுதே" என்றேன். எலுமிச்சைச் சாறு கடும் புளிப்பு. அதோடு, அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் அதிலுள்ள சில பொருள்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைப் பொசுக்கிக் கறுப்புத் தழும்பு போட்டுவிடும். மஞ்சளுக்கும் சிலருக்கு ஒவ்வாமை உண்டு. சமையல் சோடா, பற்பசை இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் இருக்கிற பொருள் என்பதால் மட்டும் அது முகத்துக்கு உறவாகிவிடாது. மாமியார் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு அவரே காவல்காரராகி, "ஏம்மா, முகத்தைத் தேய்க்காதே, ஒத்து!" என்று குழாயடியில் நின்று அதட்ட ஆரம்பித்தார்.

டப்பாவின் முதுகைப் படியுங்கள்

கடையில் நாம் பார்ப்பதெல்லாம் டப்பாவின் முகத்தை. அங்கே ரோஜாப்பூவும் சிரிக்கிற பெண்ணும் இருப்பார்கள். விஷயமெல்லாம் முதுகில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவேன்.

உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலில், எது அதிகமோ அது முதலில் வரும். பட்டியல் எவ்வளவு சின்னதோ, நமக்கு அவ்வளவு நல்லது. ஒத்துக்கொள்ளாமல் போனால் எதனால் என்று கண்டுபிடிக்கவும் சுலபம். பெர்ஃப்யூம், பர்ஃபம், ஃப்ராக்ரன்ஸ் என்று எப்படி எழுதியிருந்தாலும் மூன்றும் வாசனைதான். முகத்து ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாவது அதுவே. 'அன்ஸென்டட்' என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். மற்ற வாடையை மறைக்க அதிலும் வாசனை சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்பதைத்தான் தேட வேண்டும். மெதில் ஐசோதயாஸோலினோன் என்று வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. கெட்டுப் போகாமல் இருக்கச் சேர்ப்பது. 2013-ல் அமெரிக்க ஒவ்வாமைத் தோல் மருத்துவர்கள் சங்கம் அதைத்தான் 'அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது.

'நேச்சுரல்', 'ஹெர்பல்' என்ற சொற்களுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பூவிலிருந்து எடுத்த நறுமண எண்ணெயும் தோலை அரிக்க வைக்கும். 'ஹைப்போ அலர்ஜெனிக்' என்ற சொல்லும் உத்தரவாதம் இல்லை. அதை அச்சடிக்க, எல்லோரும் ஒத்துக்கொண்ட பரீட்சை எதுவும் கிடையாது.

தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், காலாவதித் தேதி இல்லாத க்ரீமைத் தொடவே தொடாதீர்கள். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலரை விசாரித்தபோது, அவர்கள் நிறத்துக்காக இப்படிப்பட்ட க்ரீம்கள் பூசியது தெரிந்தது. அதில் பாதரசம் இருந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கிறது பாருங்கள்!

சரி, படித்து வாங்கியாயிற்று. உடனே முகத்தில் பூசலாமா? கூடாது. முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம், பத்து நாள் பூசிப் பார்க்க வேண்டும். பூசிய உடனே எரிந்தால் அது உறுத்தல். ஒவ்வாமை என்பது சாவகாசமாக இரண்டு மூன்று நாள் கழித்து வரும். அதனால் ஒரு ராத்திரி பூசிப் பார்த்து 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவு கட்ட முடியாது. கையில் பாஸானால் காதுக்குக் கீழே தாடையோரம் சில நாள். அதிலும் பாஸானால் முகம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு புதுச் சாமான்தான்.

எங்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் இதற்கென்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். என்ன வாங்கினேன், எந்தத் தேதியில் ஆரம்பித்தேன், என்ன ஆயிற்று என்று மூன்றே மூன்று பத்தி. என் கணவர் பால் கணக்குப் பார்க்கும்போது, "இந்த மாசம் பாலைவிட உன் முகத்துக் கணக்குதான் நீளமா இருக்கு" என்று கேலி செய்வார். செய்யட்டுமே! எது ஒத்துக்கொண்டது என்று டாக்டர் கேட்டால், எனக்கு யோசிக்க வேண்டியதே இல்லை. அண்ணன் மகளுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.

வெயிலுக்கு ஒரு திரை

எங்கள் திருச்சி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு இறங்குவதற்குள் நாமே வடாமாகிவிடுவோம். ஆனாலும் "கறுத்த தோலுக்கு ஸன்ஸ்க்ரீன் எதற்கு?" என்று கேட்பவர்கள் அதிகம். நம் தோலில் இருக்கும் நிறமி ஓரளவு காவல் தரும் என்பது வாஸ்தவம். ஆனால் மங்கு, பரு போன இடத்துக் கறுப்புத் தழும்பு எல்லாம் வெயிலில்தான் கறுத்துக் கறுத்து நிலைத்துப் போகின்றன. அண்ணன் மகளைப் போல மெலிந்துபோன தோலுக்குக் குடை மாதிரி அது அவசியம்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். எஸ்.பி.எஃப். முப்பதோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிரில் முப்பது என்பது 97 சதவிகிதத்தைத் தடுக்கும். ஐம்பது 98 சதவிகிதத்தைத் தடுக்கும். அதனால் நூறு போட்டதைத் தேடி அலைய வேண்டாம். இரண்டாவது, பி.ஏ. என்று எழுதிப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். அது ஆழமாகப் போய்க் கறுக்க வைக்கும் கதிருக்கான காவல். குறிகள் மூன்றாவது இருக்கட்டும். இந்தக் கதிர் கண்ணாடி வழியாகவும் வரும். பஸ்ஸில் தினமும் ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, எதனால் செய்தது என்பது. ரசாயன வடிகட்டி சேர்த்த ஸன்ஸ்க்ரீன்களில் சில, சென்ஸிடிவ் முகத்தில் எரியும். வேர்வையோடு கண்ணில் வழிந்தால் கேட்கவே வேண்டாம். நமக்கு ஸிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு சேர்ந்தவை சாதுவானவை. வேர்க்குருவுக்கும் அம்மைக்கும் நம் அம்மாக்கள் பூசிய ரோஸ் நிறக் காலமைன் ஞாபகம் இருக்கிறதா? அதன் முக்கியச் சரக்கு இந்த ஸிங்க் ஆக்ஸைடுதான். அதற்காகக் காலமைனையே ஸன்ஸ்க்ரீனாகப் பூசக் கூடாது. அது வேறு கணக்கு.

இதில் ஒரே ஒரு சங்கடம், மாநிறத்தில் பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி தெரியும். அண்ணன் மகள் முதல் நாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அத்தை, தெருக்கூத்துக்கா போறேன்?" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு நிறம் கலந்த ஸன்ஸ்க்ரீன் வாங்கினோம். அதில் இரும்பு ஆக்ஸைடு சேர்த்திருப்பார்கள். நம் தோலோடு நிறம் ஒத்துப்போகும்; கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தால் மங்கு அதிகமாவதையும் அது தடுக்கும்.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் மேலும் அடியிலிருந்து நுனி வரை நீளமாகப் பிதுக்கினால் எவ்வளவோ, அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெளியே இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலை பத்திலிருந்து மூன்று, நாலு மணி வரை குடை. காசு ஒரு தடவைதான், ஒவ்வாமையும் கிடையாது!

மணமேடைக்கு முன்னால்

ஐப்பசி நடுவில் டாக்டரம்மா சொன்னபடியே அது வந்தது. முகம் வீங்கிச் சிவந்து, பருக்கள் பொங்கிவிட்டன. அண்ணி அழுதுகொண்டே போன் செய்தார். "ஆல்பத்துக்கு முன்கூட்டியே போட்டோ எடுக்கணும்னு சொல்றாங்க. ஒரு நாலு நாளைக்கு மட்டும் அந்தப் பழைய க்ரீமைப் போட்டுக்கட்டுமே? கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாம்." தாய் மனசு. ஊர் என்ன சொல்லுமோ, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

நான் பதில் சொல்வதற்குள் அவளே போனை வாங்கினாள். "வேண்டாம் அத்தை. நாலு நாள்னுதான் முதல்லயும் ஆரம்பிச்சேன்."

மாப்பிள்ளையிடம் அவளே விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வாரம் சம்பந்தியம்மா வந்தார். முகத்தைப் பார்த்தார், காபி குடித்தார், கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார், "தைக்குள்ள சரியாயிடும் இல்ல?" அண்ணி வாயைத் திறப்பதற்குள் பெண்ணே சொன்னாள், "ஆனாலும் ஆகும், ஆகாமலும் இருக்கும். அப்பவும் நான் இப்படித்தான் வருவேன் ஆன்ட்டி." கூடத்தில் யாரும் பேசவில்லை. சம்பந்தியம்மா பையை எடுத்துக்கொண்டு, "குடை எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போம்மா" என்றார். அதுதான் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மார்கழியில் முகம் அடங்கத் தொடங்கியது. கல்யாண அலங்காரத்துக்கு ஒரு மாதம் முன்பே தயாரானோம். சென்ஸிடிவ் சருமத்துக்கு மேக்கப் தேர்ந்தெடுக்கும் எல்லோருக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அலங்காரம் செய்ய வருகிற பெண்ணிடம் முன்பே பேசி, முகத்துக்கான சாமான் எல்லாம் எங்களுடையது, ப்ரஷ், ஸ்பான்ஜ் உட்பட என்று சொல்லிவிட்டோம். பல முகம் பார்த்த ஸ்பான்ஜ் நமக்கு வேண்டாம். ஃபௌண்டேஷனைப் புறங்கையில் பார்க்காமல் தாடையோரம் தடவி, கடை விளக்கை விட்டு வாசல் வெளிச்சத்தில் பார்த்தோம். அவள் நிறத்துக்கே எடுத்தோம், ஒரு மாற்றுகூட வெளுப்பாக எடுக்கவில்லை. தண்ணீர் பட்டாலும் கலையாத ரகம் வேண்டாம் என்று தள்ளினோம். அதைக் கலைக்க அழுத்தித் தேய்க்க வேண்டும், தேய்த்தால் போச்சு. வாங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் பரீட்சை செய்தோம். ஒரு லிப்ஸ்டிக் ஃபெயிலாகிவிட்டது, உடனே மாற்றினோம். ஃபேஷியல், ப்ளீச், மெழுகு போட்டு முடி எடுப்பது எதுவும் முகத்தில் கிடையாது.

ஸ்டிக்கர் பொட்டின் பசையில் சேர்க்கும் ஒரு ரசாயனம், பாராடெர்ஷியரி ப்யூட்டைல்ஃபீனால், சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டு உண்டாக்கும். தினமும் வைப்பவர்கள் இரவில் எடுத்துவிடுங்கள். அரித்தால் அதோடு விட்டுவிடுங்கள். நகப் பாலிஷ் இன்னொரு கள்ளன். அது நகத்தில் சாதுவாக இருந்துகொண்டு கண் இமையில் அரிப்பைக் கொண்டுவரும், கையால் அடிக்கடி கண்ணைத் தொடுகிறோம் அல்லவா! 'கறுப்பு மருதாணி' கோன்களில் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற பொருள் கலந்திருக்கும். கொப்புளித்துத் தழும்பே விழலாம். நாங்கள் தோட்டத்து மருதாணி இலையையே அரைத்து வைத்தோம். தலைச்சாயம் போடுகிற என் வயதுக்காரிகளும், ஒவ்வொரு தடவையும் 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் பரீட்சை செய்துகொள்வது நல்லது.

நலங்குக்கு மஞ்சள் பூச வேண்டுமே? அண்ணி கவலைப்பட்டார். தீர்த்து வைத்தவர் என் மாமியார்தான். "பாதத்துக்கும் கைக்கும் பூசுங்க. நெத்தியில ஒரு பொட்டு போதும். சுமங்கலிங்க கை பட்டாலே நலங்குதான்" என்று சபையில் சொல்லிவிட்டார். பெரியவர் சொன்ன பிறகு யார் மறுக்கப் போகிறார்கள்?

தையில் முகூர்த்தம் நன்றாக நடந்தது. கன்னத்தில் லேசான சிவப்பு அன்றைக்கும் இருந்தது. கிட்டே வந்து பார்த்தவர்களுக்கு ஓரிரண்டு தழும்பும் தெரிந்திருக்கும். முழுவதும் சரியாக இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. அவள் நோட்டில் மட்டும் ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

இளம் தாய்மார்களுக்கு

பிள்ளைப்பேற்றுச் சமயத்தில் கன்னத்தில் மங்கு வருவது சகஜம். பலருக்குப் பிரசவத்துக்குப் பின் தானே மங்கும். பதறிப்போய் நிறமாற்ற க்ரீம் வாங்காதீர்கள். ட்ரெட்டினாய்ன், ஹைட்ரோக்வினோன் சேர்ந்த க்ரீம்களைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும். குடையும் ஸிங்க் ஆக்ஸைடு ஸன்ஸ்க்ரீனும் அப்போதைக்குப் போதும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஸன்ஸ்க்ரீன் வேண்டாம்; நிழலும் பருத்திச் சட்டையுமே காவல். குழந்தையின் கண்ணில் மை தீட்டாதீர்கள். சில மைகளில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிக்குப் பாதத்தில் ஒரு பொட்டு வைத்தால் ஆயிற்று. முகத்துக்கு நேரே பவுடரைத் தட்டாதீர்கள். தூள் மூச்சில் போகும். பிள்ளை கறுப்பாகப் பிறந்ததே என்று கடலைமாவால் தேய்க்கிற பாட்டிகளைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துங்கள். தேய்த்தால் புண்ணாகுமே தவிர நிறம் மாறாது.

எதைப் பூசினாலும் எரிகிறது, இமை வீங்குகிறது, நீர் கசிகிறது என்றால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் சரும டாக்டரைப் பாருங்கள். முதுகில் சிறு சிறு பட்டைகள் ஒட்டி, இரண்டாம் நாளும் நாலாம் நாளும் பார்க்கும் 'பேட்ச் டெஸ்ட்' என்ற பரிசோதனை இருக்கிறது. எது நம் சத்துரு என்று அதில் பெயரோடு தெரிந்துவிடும். டாக்டரிடம் போகும்போது பூசுகிற சாமான் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நிறத்துக்குப் பூசுகிற க்ரீமை மட்டும் வீட்டில் விட்டுப் போகாதீர்கள்.

2020-ல் நம் நாட்டில் மிகப் பிரபலமான ஒரு க்ரீம் தன் பெயரிலிருந்தே 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. டப்பாவிலிருந்து போன சொல் நம் கூடத்திலிருந்தும் பெண் பார்க்கும் படலத்திலிருந்தும் போக வேண்டாமா? "கொஞ்சம் நிறம் கம்மி" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற ஒரு வார்த்தை, ஒரு பெண்ணை மருந்துக் கடை வரைக்கும் நடக்க வைத்துவிடுகிறது. சொல்லும் முன் நாம்தான் யோசிக்க வேண்டும்.

சகோதரிகளே, அடுத்த தடவை கடைக்குப் போகும்போது படிக்கிற கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். அப்படியே பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தையும் கொஞ்சம் காலியாக வைத்திருங்கள்.